கேட்காமல் அடித்த சாம்பல் நிறம்

சல்கின் தன் அறைச் சுவரில் இரண்டு கட்டங்களை அடித்துவிட்டு நான்கு மாதமாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம், ஓர் ஆள் உயரம். இடது பக்கம் மஞ்சள். வெள்ளையில் காவி சேர்த்து, ஒரே ஒரு சொட்டுச் சிவப்பு விட்டு, பால் மேல் படியும் கெட்டி ஆடையின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். வலது பக்கம் நீலப்பச்சை. செப்டம்பர் மாதத்தில் அவர்கள் ஊர் ஆறான நாரின் தெளிந்து ஓடும்போது பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தால் தெரிகிற நிறம் அது. இரண்டையும் அவளேதான் கலந்தாள். நாற்பது வருடம் பெயின்டராக இருந்தவளுக்கு, டப்பாவில் கலந்து வருகிற நிறத்தின் மேல் நம்பிக்கை கிடையாது.

அது வடக்குப் பார்த்த அறை. குளிர்காலம் முழுக்க எதிர் மலைச்சரிவில் கிடக்கிற பனியின் வெளிச்சம்தான் உள்ளே வரும். அந்த வெளிச்சத்தில் காலையில் மஞ்சள் கட்டம் காய்ச்சல்காரன் முகம்போல் சோகை பிடித்து நின்றது. நீலப்பச்சை மட்டும் அப்போதுதான் கழுவி வைத்ததுபோல் இருந்தது. மாலையில் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ். மஞ்சள் அடுப்படிபோல் இளகிக் கதகதப்பாகிவிடும், நீலப்பச்சை செத்துச் சாம்பலாகிவிடும். ஆக, எந்த நிறம் என்பது கேள்வியில்லை. இந்த அறையில் அவள் வாழ்வது காலையிலா, மாலையிலா என்பதுதான் கேள்வி. அதை அவள் அதற்கு முன் யோசித்ததே இல்லை. நாற்பது வருடமாக விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பியவள், தன் வீட்டுச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்ததே ஓய்வு பெற்ற பிறகுதான்.

எதிர்வீட்டுப் புருலுக்கு இது பெரிய வேடிக்கை. புருல் பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சல்கினுக்கு ஒரு வயது மூத்தவள். தினமும் பத்து மணிக்குத் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவாள்.

"இன்னும் முடிவாகலயா? ரெண்டு மாப்பிள்ளய வாசல்ல நிக்க வெச்சுட்டு நாலு மாசமா யோசிக்கிற ஒரே பொண்ணு நீதான்டி."

"முன்னாடி ஒரு மாப்பிள்ளயப் பத்து நிமிஷத்துல முடிவு பண்ணி அனுபவிச்சது போதும். இதுக்காச்சும் நிதானமாப் பாக்கறேன்."

"மஞ்சள் அடி. கண்ணுக்கு இதமா இருக்கும்."

"நீ காலைல எட்டு மணிக்கு வந்து பாத்துட்டுச் சொல்லு."

"எட்டு மணிக்கு நான் தூங்கிட்டு இருப்பேன்."

"அப்ப வாயத் தொறக்காத."

சல்கின் என்றால் அவர்கள் மொழியில் குளிர்ச்சி என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று அவளுடைய வேலைக்குழுவில் இருபது வருடம் ஒரே பகடியாக ஓடியது.

பதினேழு வயதில் கிராமத்திலிருந்து வந்து தொழிற்பள்ளியில் சேர்ந்தாள். பெண்கள் மட்டும் கொண்ட ஒரு பெயின்டர் குழுவில் பன்னிரண்டு பேர். நாரின் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பாதிக்கு மேல் அவர்கள் கை பட்டவை. தோள் உயரம் வரை எண்ணெய்ப் பெயின்ட், அதற்கு மேல் சுண்ணாம்பு வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டை நூல் பிடிக்காமல் கையாலேயே நேராக இழுப்பாள் சல்கின். அதற்காகவே அவளுக்கு ஆறாம் தரம் கொடுத்தார்கள். பெயின்டர்களில் அதற்கு மேல் தரம் கிடையாது. ஆனால் நிறத்தை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. எந்தப் பீப்பாய் லாரியில் வந்து இறங்குகிறதோ அதுதான் நிறம். பச்சை வந்தால் மருத்துவமனை பச்சை, நீலம் வந்தால் பள்ளிக்கூடம் நீலம். ஒரு முறை பழுப்பு மட்டும் வந்தது. பிரசவ விடுதிக்கே பழுப்பு அடித்தார்கள். "இந்த ஊருல புள்ளைங்க பொறக்கும்போதே அழுதுக்கிட்டே பொறக்கறதுக்கு நாமதான் காரணம்" என்று அன்றைக்குச் சல்கின் சொன்னதை மேஸ்திரி மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டான்.

அரசாங்கக் கட்டுமான நிறுவனம் மூடப்பட்ட பிறகு தலைநகர் பிஷ்கேக்குக்குப் போய்ப் புதுப் பணக்காரர்களின் வீடுகளில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. அங்கே நிறங்களுக்குக் குறைவில்லை, பார்த்துத் தேர்ந்தெடுக்க நிற அட்டைகளே வந்தன. ஒரு வீட்டில் அந்த வீட்டம்மா குழந்தை அறைக்காக இரண்டு கட்டம் அடிக்கச் சொல்லி, அவற்றின் முன்னால் நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ரோஜா நிறமா, இளநீலமா என்று. கடைசியில் ரோஜா என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. மாலையில் புருஷன் வந்தான். காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, இரண்டையும் ஒரு பார்வை பார்த்து, "வெள்ளையடிங்க, விக்கும்போது நல்ல விலை போகும்" என்றான். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு. அந்த அம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். ரோஜாக் கட்டத்தின் மேல் ரோலரால் வெள்ளையை உருட்டியது சல்கினின் கைதான். அந்த ஆளின் மேல் வந்த கோபம் இருபது வருடம் கழித்தும் அவளுக்கு அடங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்றுதான் சொல்வாள்.

அவளுடைய சொந்த வீடு? மிச்சப் பெயின்ட். சமையலறை மருத்துவமனைப் பச்சை, நடை பள்ளிக்கூட நீலம். வருகிற விருந்தாளிகள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கணவன் தொக்தோசுன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், நல்ல மனிதன், சுவர் எந்த நிறம் என்று கேட்டால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்லுவான். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகன் இலிம்பெக் மனைவியோடு ரஷ்யாவில், கஸானில் இருக்கிறான், அங்கே ஒரு கிடங்கில் வேலை. அவளுடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு மார்ச் கடைசியில் விருந்து வைப்பதாக அவன் சொல்லியிருந்தான். அதற்குள் முடிவு செய்தால் செய்வது, இல்லையென்றால் சுவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை என்று அவள் இருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளை யாரும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் வீடியோவில் பேசும்போது இலிம்பெக் கேட்டான்: "அம்மா, பின்னாடி சுவத்துல என்ன, தேமல் மாதிரி?"

"தேமலும் இல்ல, படையும் இல்ல. கலர் பாத்துட்டு இருக்கேன்."

"எத்தன நாளா?"

"பாத்து முடியற வரைக்கும்."

அவன் சிரித்தான். பக்கத்தில் மருமகள் ஐஜமாலும் எட்டிப் பார்த்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அடுத்த வாரமே இசிக்குல் ஏரிக்கரைச் சானடோரியத்தில் பத்து நாள் மூட்டு சிகிச்சைக்கு இடம் போட்டிருப்பதாக மகன் சொன்னான். சல்கினுக்கு முழங்கால் இரண்டும் ஏணியிலேயே தேய்ந்துபோனவை. சந்தோஷமாகச் சாவியைப் புருலிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சேற்றுக் குளியல், மீன் சாப்பாடு, நல்ல தூக்கம். பதினோராம் நாள் மதியம் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறி வந்தவளுக்கு, கதவைத் திறப்பதற்கு முன்பே மூக்கில் தட்டிவிட்டது. புதுப் பெயின்ட். மலிவானது.

அறைக்குள் நுழைந்து நின்றாள்.

நான்கு சுவரும் சாம்பல். காய்ந்த சிமென்ட்டின் நிறம். பனி வெளிச்சம் அதில் பட்டு, அறை முழுக்க நிலவறைபோல் ஆகியிருந்தது. கூரையில் பொட்டுப் பொட்டாக வெள்ளை விளக்குகள். அவள் கட்டிலுக்கு மேலே அந்நிய எழுத்தில் ஏதோ ஒரு வார்த்தை, தங்க நிறத்தில் ஒட்டியிருந்தது. அவளுடைய அம்மா தைத்த ஆட்டுரோமக் கம்பளம் தரையில் இல்லை. பால்கனியில் சுருட்டிக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

பையைக்கூட இறக்காமல் சுவரை நோக்கிப் போனாள். கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தாள், பெயின்டர்கள் பார்க்கிற மாதிரி. பட்டி பார்த்துச் சுவரைச் சமன் செய்யவில்லை. உப்புத்தாள் தேய்க்கவில்லை. அடிப்பூச்சாகப் பிரைமர் இல்லை. ரோலர் நின்ற இடமெல்லாம் தடம். ஸ்விட்ச்சின் மேல் பெயின்ட், ரேடியேட்டரின் மேல் சொட்டு. அவளுடைய இரண்டு கட்டங்களின் மேலேயே உருட்டியிருந்தார்கள். ஓரங்கள் இரண்டும் சாம்பலுக்கு அடியில் புடைத்துக்கொண்டு, இரண்டு கதவுகளை மூடிப் பூசிவிட்டதுபோல் தெரிந்தன.

புருல் ஓடிவந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

"எப்படி இருக்கு? எப்படி இருக்கு? பத்து நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்டி, என் வாழ்க்கையிலயே இவ்வளவு நாள் ரகசியம் காப்பாத்தினதில்ல!"

"நீதான் கதவத் தொறந்து விட்டியா?"

"உன் மகன்தான் போன் பண்ணுனான். அறுபதுக்குப் பரிசுன்னான். ஐஜமாலோட சித்தி பொண்ணு, பிஷ்கேக்குல டிசைனராம், நசிராவோ என்னமோ, ரெண்டு ஆளோட வந்தா. நான்தான் அவங்களுக்குச் சூப் வெச்சுக் குடுத்தேன்."

"சூப் வேற வெச்சுக் குடுத்தியா."

"ஏன்டி இப்படிப் பாக்கற? அழகா இல்லயா?"

"புருல், நாலு மாசமா தினம் பத்து மணிக்கு வந்து உக்காந்து என்னத்தப் பாத்த நீ? நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் இங்க?"

புருலின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "கலர்தான் பாத்துட்டு இருந்த…"

"அத அழிக்க வந்தவளுக்குச் சூப்பு."

மகனைக் கூப்பிட்டாள். அவன் கிடங்கில் இருந்தான், பின்னால் லாரி உறுமியது. "பாத்தியாம்மா? சர்ப்ரைஸ்!" என்றான்.

"என்னக் கேட்டியா?"

"கேட்டா எப்படிம்மா அது சர்ப்ரைஸ்?"

"டேய், நான் பெயின்டர். நாப்பது வருஷம் அடுத்தவன் சொன்ன கலர அடிச்சிருக்கேன். எனக்குன்னு ஒரு சுவரு. ஒரே ஒரு சுவரு. அதயும் எவளோ வந்து முடிவு பண்ணிட்டுப் போயிருக்கா."

"அவ படிச்சவம்மா. இப்ப எல்லாரும் இதுதான் அடிக்கறாங்க."

"நான் எல்லாருமா? உங்கம்மா பேரு எல்லாருமா?"

லாரிச் சத்தத்தில் அவன் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அன்று சாயந்திரத்துக்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே பாட்டு. பிள்ளைகள் பாசமாகச் செய்ததைக் குறை சொல்லலாமா, எத்தனை தாய்களுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது, நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபமா. சல்கினுக்கு அந்தச் சாம்பலைவிட இதுதான் அதிகமாக எரிந்தது. அடித்தவர்கள் நல்லவர்கள், அடிபட்ட சுவருக்குச் சொந்தக்காரி கெட்டவள். கணவனின் அண்ணன் ஷர்ஷென் எண்பது வயதுக்காரர், ஊரெல்லாம் பேர்பெற்ற மீசை. அவரும் கூப்பிட்டு, "அன்போட செஞ்சத அன்போட வாங்கிக்கணும்மா" என்றார்.

"மாமா, நீங்க தூங்கும்போது யாராச்சும் வந்து அன்போட உங்க மீசைய மழிச்சுட்டுப் போனா?"

"அது வேற விஷயம்" என்றார் அவர் அவசரமாக.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள்தான் உச்சம். புருல் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினாள். நசிரா தன் வேலையின் படங்களை இணையத்தில் போட்டிருந்தாள். முதல் படத்தில் சல்கினின் அறை, இரண்டு கட்டங்களோடு. அதன் மேல் 'முன்பு' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் சாம்பல், 'பின்பு'. கீழே நசிரா எழுதியிருந்தாள்: 'தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் பாழடைந்த அறை. பாவம், சுவரைப் பாதியில் விட்டுவிட்டார். மூன்றே நாளில் புது வாழ்வு!' அதற்கு ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லையோ, இரண்டு நிறத்தில் அடித்திருக்கிறார்.'

சல்கின் அதை இரண்டு முறை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் வாசித்தாள். பிறகு நசிராவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள்.

"வணக்கம் அத்தே! பிடிச்சிருக்கா?"

"நீ 'முன்பு'ன்னு ஒரு படம் போட்டிருக்கியே. அதுல இருக்கறது அழுக்கு இல்ல பொண்ணு. வேலை."

"புரியல அத்தே…"

"காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, வெயில் நாள்ல, மூட்டமான நாள்ல, பனி விழற நாள்ல. நாலு மாசமா நான் செஞ்ச வேலை. நீ அந்த ரூமுக்கு ஒரு கலர் சொன்னியே, எந்த நேரத்துல நின்னு பாத்து சொன்ன?"

"கம்ப்யூட்டர்ல பாத்தோம் அத்தே. அறையோட அளவு போட்டா அதுவே காட்டும்."

"ஜன்னல் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் நசிரா எதையோ தட்டித் தேடுவது கேட்டது.

"பட்டி பாக்காம உருட்டியிருக்காங்க உன் ஆளுங்க. எங்க குழுவுல இப்படி அடிச்சா அடிச்சவ கையாலயே சுரண்ட வெப்போம். அத விடு. எனக்குக் கண்ணு சரியில்லன்னு ஒருத்தி எழுதியிருக்கா. நீ அத அப்படியே வெச்சிருக்க. நான் ஆறாம் தரப் பெயின்டர்னு எழுது. இல்லன்னா படத்த எடுத்துடு."

நசிரா படத்தை நீக்கிவிட்டாள். ஆறாம் தரம் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் சல்கினுக்குப் பாதிக் கோபம் தணிந்திருக்கும். நீக்கியதோடு நிறுத்தியது, செய்ததைவிடப் பெரிய அவமானமாகப் பட்டது.

அன்றே பெயின்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்தாள். சுவரை நனைத்து, ஊறவிட்டு, மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். அடியில் பிரைமர் இல்லாத பெயின்ட் தோல்போல் உரிந்து வந்தது. மோசமான வேலையில் அது ஒன்றுதான் வசதி. சாம்பலோடு சேர்ந்து அவளுடைய மஞ்சளும் நீலப்பச்சையும் செதில் செதிலாக விழுந்தன. அதைப் பார்த்தபோது மட்டும் அவள் கொஞ்ச நேரம் தகட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் இலிம்பெக்கும் ஐஜமாலும் வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்ததும் அவன் கண்டது, ஏணியின் மூன்றாம் படியில் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கிற அம்மாவை. இரண்டரைச் சுவர் பெயின்ட் போய் வெறும் பூச்சாக இருந்தது. தரையெல்லாம் சாம்பல் செதில்.

"அம்மா! சனிக்கிழம ஆளுங்க வர்றாங்க! என்ன பண்ணி வெச்சிருக்க?"

"உன் ஆளுங்க பண்ணுனத எடுத்துட்டு இருக்கேன்."

"ஊரே சிரிக்குதும்மா. பெரியப்பா மீசையப் பத்தி என்னமோ சொன்னியாம்."

"அவரு மீசை பத்திரமா இருக்கு. என் சுவருதான் போச்சு."

அவன் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். "எனக்கு என்ன தெரியும்? போன் பண்ணும்போதெல்லாம் பின்னாடி பாதிச் சுவரு. பாக்கறவன் என்ன நெனப்பான்? பையன் ரஷ்யாவுல சம்பாதிக்கறான், அம்மா வீட்டுல ஒரு சுவரு அடிக்க வழியில்லன்னு நெனப்பான். சனிக்கிழம அத்தன பேரும் வந்து உக்காந்து அதத்தான் பாப்பாங்க. என்னத்தான் கேப்பாங்க."

சல்கின் ஏணியிலிருந்து இறங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு காலாக.

"அப்ப இது எனக்காகப் பண்ணல."

அவன் எறிந்த கோட்டை எடுத்து மறுபடியும் கையில் போட்டுக்கொண்டான்.

"பத்து நாளா எல்லாரும் எனக்குப் போன் பண்ணி நன்றி சொல்லு நன்றி சொல்லுன்னாங்க. உன் மானத்துக்கு அடிச்ச பெயின்ட்டுக்கு நான் நன்றி சொல்லணும். என்ன நியாயம்டா இது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கழுத்து சிவந்திருந்தது. அதுவரை வாசலிலேயே பையைப் பிடித்தபடி நின்றிருந்த ஐஜமால் பேசினாள். சத்தமாகப் பேசவில்லை, ஆனால் நடுங்காமல் பேசினாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப எங்க ரூமுக்கு ஊதா அடிச்சு வெச்சிருந்தீங்க. அடர் ஊதா. அத ரெண்டு வருஷம் பாத்துட்டுப் படுத்தேன். என்ன யாரு கேட்டா?"

சல்கினின் முகத்தில் முதலில் வந்ததும் கோபம்தான். "அது ஒரு ஓட்டல் வேலைல மிச்சமானது. நல்ல பெயின்ட். ஜெர்மன் பெயின்ட்" என்றாள்.

"நல்ல பெயின்ட்தான் அத்தே."

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"புது மருமக எப்படிச் சொல்லுவா?"

சல்கினின் மாமியார் வீட்டிலும் ஒரு சுவர் இருந்தது, புகைக்கறை படிந்த சுவர். பத்தொன்பது வயதுப் பெயின்டர் ஒருத்தி, கையில் பிரஷ் இருந்தும், அதைத் தொட அனுமதி கேட்கத் துணியாமல் மூன்று வருடம் இருந்தாள். அதையெல்லாம் அவள் இப்போது சொல்லவில்லை. தகட்டால் தன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"சரி" என்றாள். "நான் பண்ணுனதும் தப்புதான். அன்னிக்கு உனக்கு என்ன கலர் வேணும்னு நெனச்ச?"

ஐஜமால் யோசித்தாள். "ஞாபகம் இல்ல அத்தே. யாரும் கேக்கலன்னதும் நானும் நெனைக்கறத விட்டுட்டேன்."

அந்தப் பதில் சல்கினை உலுக்கிவிட்டது. ஆனால் அவளுக்கு உலுக்கல் எல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். "பாத்தியா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள், என்னமோ அவன்தான் ஊதா அடித்ததுபோல். "கேக்காம விட்டா மனுஷிக்கு நெனப்பே செத்துப்போகும்! பாத்தியா!"

"இப்ப அதுக்கும் நானா?" என்றான் இலிம்பெக்.

"நீயும்தான். அந்த வாளில தண்ணி கொண்டா."

மீதி ஒன்றரைச் சுவரை மூவரும் சுரண்டினார்கள். இலிம்பெக்குக்குத் தகடு பிடிக்கத் தெரியவில்லை, பூச்சில் பள்ளம் பள்ளமாகப் போட்டான். "பெயின்டர் வயித்துல பொறந்துட்டு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஐஜமாலின் கை லேசான கை, சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. புருலும் வந்தாள், மன்னிப்புக் கேட்க அவளுக்கு வழி தெரியவில்லை, ஒரு பெரிய சட்டி சூப்போடு வந்து நின்றாள்.

"மறுபடியும் சூப்பா?" என்றாள் சல்கின்.

"இது உனக்கு. அவளுக்கு வெச்சதவிட இதுல கறி அதிகம்."

வெள்ளிக்கிழமை இரவுக்குள் நான்கு சுவரும் வெறுமையாகிவிட்டன. இனி வேகமாக ஒரு கோட்டிங் அடித்துவிடலாம், காலைக்குள் காய்ந்துவிடும் என்றான் இலிம்பெக். "நீயே கலர் சொல்லும்மா, நான் அடிக்கறேன்" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

"இன்னும் முடிவாகல" என்றாள் அவள். பிறகு மூடி வைத்திருந்த இரண்டு டப்பாக்களைப் பால்கனியிலிருந்து எடுத்து வந்து, வேறு சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரே, புதிதாக இரண்டு கட்டம் அடித்தாள். மஞ்சள் இடது, நீலப்பச்சை வலது. மகன் தலையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

விருந்து அப்படித்தான் நடந்தது. நாற்பது பேர், வெறும் பூச்சுச் சுவர்களுக்கு நடுவில், கம்பளம் மீண்டும் விரித்த தரையில், இரண்டு நிறக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். முதல் கால் மணி நேரம் யாரும் சுவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பிறகு ஷர்ஷென், மீசையைத் தடவிக்கொண்டு, "மஞ்சள்தான் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். பொரித்த மாவுருண்டைகள் பறக்காத குறை. மஞ்சள் என்று ஒரு கட்சி, நீலப்பச்சை என்று ஒரு கட்சி. புருல் மஞ்சள் கட்சிக்குத் தலைவியானாள்.

"கை தூக்குங்க, எண்ணிரலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

"சாப்பிடுங்க" என்றாள் சல்கின். "நான் ஓட்டுக் கேக்கல."

பிள்ளைகள் கஸானுக்குத் திரும்பினார்கள். கிளம்பும்போது இலிம்பெக் மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. அவளும் அவனைக் கட்டிக்கொண்டாளே தவிர, பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. 'பாசத்தில் செய்தது' என்று இன்றைக்கும் யாராவது ஆரம்பித்தால், "பாசத்துக்கு வாய் இல்லயா, ஒரு வார்த்த கேக்கறதுக்கு?" என்று எழுந்து நின்றுவிடுவாள்.

மே மாதம், எதிர் மலையில் பனி கரைந்து சரிவு பச்சையாக மாறிய பிறகு, இன்னும் மூன்று வாரம் காலையும் மாலையும் பார்த்துவிட்டு முடிவு செய்தாள். மாலையில் அவள் பெரும்பாலும் சமையலறையில் புருலோடு இருக்கிறாள். இந்த அறையில் அவள் இருப்பது காலையில்தான், விழித்துக்கொண்டு, எழுந்து எங்கேயும் ஓட வேண்டியதில்லை என்று படுத்திருக்கிற அந்த ஒரு மணி நேரம். அதற்கு நீலப்பச்சை.

"குளிர்காலத்துல நடுங்கப்போற" என்றாள் புருல்.

"நடுங்கிட்டுப் போறேன். என் நடுக்கம்."

பட்டி பார்த்தாள், உப்புத்தாள் தேய்த்தாள், பிரைமர் அடித்தாள். முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொடுத்து, நாளுக்கு ஒரு சுவர். இரண்டாம் கோட்டிங் கடைசிச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கஸான். பிரஷைக் கீழே வைக்காமலே இடது கையால் எடுத்தாள். திரையில் மகனும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

"முடிச்சிட்டீங்களா அத்தே?" என்றாள் ஐஜமால்.

"என்ன கலர்மா? காட்டு, காட்டு" என்றான் இலிம்பெக்.

சல்கின் போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினாள்.

"போன்ல கலர் தெரியாது" என்றாள். "நேர்ல வந்து பாருங்க. காலைல வாங்க."